ஷாங்காயில் தேநீருக்கு அழைத்தால் போகலாமா?

கேள்வி: என் கணவர் ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்காக ஷாங்காய் செல்கிறார். நானும் கல்லூரிப் படிப்பை முடித்த என் மகளும் உடன் செல்கிறோம். அவர் கண்காட்சியில் இருக்கும் இரண்டு நாள்களும் நாங்கள் இருவரும் தனியாகத்தான் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கே வெளிநாட்டவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பார்கள், டாக்சியில் கள்ளநோட்டை மாற்றிக் கொடுப்பார்கள் என்றெல்லாம் உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து மனம் கலக்கமாக இருக்கிறது. என் மகள் யாருடனும் எளிதில் பழகிவிடுவாள். ஓவியத்தில் மிகுந்த ஆர்வம் உள்ளவள். அங்கே யாருடனும் பேசவே கூடாது என்று அவளைக் கண்டித்து வைப்பதுதான் சரியா? வேறு என்னென்ன முன்னெச்சரிக்கைகள் தேவை?
— கோயம்புத்தூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். யாருடனும் பேசாதே என்று அவளைக் கட்டிப்போட வேண்டாம். பல ஆண்டுகளாகச் சுற்றுலாக் குழுக்களைச் சீனாவுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷாங்காய், பெண்கள் இரவு பத்து மணிக்கும் தனியாக மெட்ரோவில் ஏறி வீடு திரும்பும் ஊர். கத்தியைக் காட்டிப் பறிப்பது, கழுத்துச் சங்கிலியை அறுப்பது போன்றவற்றுக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அங்கே வெளிநாட்டுப் பயணியின் பணம் போகும் வழி வேறு: அவராகவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நன்றி சொல்லி, தம் கையாலேயே கொடுத்துவிட்டு வருகிறார். ஆகவே மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். யாரோடு வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் எங்கே போய் உட்காருவது என்பதை எதிரில் நிற்பவர் முடிவு செய்யக் கூடாது, நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் உறவினர் சொன்ன தேநீர்க் கதை உண்மையானதுதான். மக்கள் சதுக்கத்திலிருந்து நான்ஜிங் கிழக்குச் சாலை வழியாக ‘பண்ட்’ எனப்படும் ஹுவாங்பூ ஆற்றங்கரை வரை செல்லும் பாதையிலும், யூயுவான் தோட்டத்தைச் சுற்றியும் இது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பெரும்பாலும் இரண்டு இளம்பெண்கள் வருவார்கள். சில நேரங்களில் ஒரு பெண்ணும் ஒரு பையனும். தங்களைப் படம் எடுத்துத் தரும்படி கைப்பேசியை நீட்டுவார்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் நன்றி சொல்வார்கள், எந்த நாடு என்று கேட்பார்கள், உங்கள் புடவை அழகாக இருக்கிறது என்பார்கள். தாங்களும் வேறு மாகாணத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பதாகவும் ஆங்கிலம் பேசிப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை என்றும் சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வரை எதையும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதற்குள் நம் மனத்தில் இருந்த எச்சரிக்கை கரைந்து போயிருக்கும். அதன் பிறகுதான், பக்கத்தில் ஒரு பாரம்பரியத் தேநீர்ச் சடங்கு நடக்கிறது, நாங்கள் அங்கேதான் போகிறோம், நீங்களும் வாருங்களேன் என்ற அழைப்பு வரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த தொடக்க காலத்தில், என் குழுவில் வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இப்படி ஒரு கடையில் சிக்கிக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. வெளியே பலகை ஒன்றும் பெரிதாக இல்லை. உள்ளே மரத்தடுப்பு வைத்துப் பிரித்த, சன்னல் இல்லாத சிறு அறை. ஒரு மேசை, ஐந்து தகர டப்பாக்கள், கட்டைவிரல் உயரமே உள்ள கோப்பைகள். பட்டு உடை அணிந்த பெண் ஒருவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து இலையை முகரச் சொல்லி, ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கையளவு விலைப்பட்டியல் ஒன்றையும் தொடக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். அதில் 60 யுவான் என்று இருந்ததை இவர்கள் ஒரு கெண்டித் தேநீரின் விலை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு வகைக்கு, ஒரு ஆளுக்கு, ஒரு கோப்பையின் விலை. ஐந்து வகை, நான்கு பேர் என்றால் 1,200 யுவான். அதற்கு மேல் அறைக் கட்டணம், கேட்காமலே வைத்த உலர்பழத் தட்டுகள் என எல்லாம் சேர்ந்து 1,800 யுவான். அந்த இரண்டு பெண்களும் உடனே தங்கள் பையைத் திறந்து பாதிப் பணத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் கொடுக்கும்போது நாம் எப்படிக் கொடுக்காமல் இருப்பது? இன்றைய மதிப்பில் ஒரு யுவான் 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இவர்கள் பங்கு மட்டும் சுமார் பதினோராயிரம் ரூபாய்.

நான் போய்ச் சேர்ந்ததும், வரித்துறை முத்திரையுள்ள ரசீது, அதாவது அங்கே ‘ஃபாபியாவ்’ என்று சொல்லும் முறையான ரசீது வேண்டும் என்று கேட்டேன். அது இல்லையென்றால் 110 என்ற காவல்துறை எண்ணை அழைக்கப் போவதாகவும் சொன்னேன். சற்று நேரம் ஏதேதோ பேசிய பிறகு 200 யுவான் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் தலைமையாசிரியர் சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது. “மூன்றாவது கோப்பையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது சார். ஆனால் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்ட பிறகு எழுந்து வருவதற்கு மனம் வரவில்லை.” விருந்தோம்பலை மதிக்கும் வளர்ப்பைத்தான் இந்த மோசடி கருவியாக வைத்துக்கொள்கிறது. அவர் ஏமாளி அல்லர், நல்ல மனிதர். உங்கள் மகளிடமும் இதை இந்த விதமாகவே சொல்லுங்கள். தன்னுடைய நல்ல குணத்தையே குற்றமாகச் சொல்வதாக அவள் எண்ணிவிடக் கூடாது.

உண்மையான மாணவியையும் இவர்களையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. தேநீர் குடிக்கலாம் என்று அவர்கள் சொன்னால், மகிழ்ச்சியோடு சம்மதித்து, எதிரே கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒரு காபிக் கடையைக் காட்டி, அங்கே போவோம், நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் பழக வந்த பெண் உங்களோடு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவாள். மற்றவர்களுக்கு அந்த இடம் மட்டும் ஒத்து வராது. ஏதோ ஒரு காரணம் சொல்லித் தங்கள் கடையின் பெயருக்கே திரும்பத் திரும்ப வருவார்கள். அப்போது புன்னகையோடு விடைபெற்றுக்கொள்ளலாம். சண்டையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

நீங்களாகத் தேடிச் சென்று பேசும் மனிதர்களிடம் இந்த அபாயம் பெரும்பாலும் இல்லை. சனி, ஞாயிறு பிற்பகல்களில் மக்கள் சதுக்கத்தை ஒட்டிய மக்கள் பூங்காவுக்கு அவசியம் போங்கள். அங்கே வரன் தேடும் பெற்றோர்கள், பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா என்ற விவரங்களையெல்லாம் தாளில் எழுதி, விரித்து வைத்த குடைகளின் மேல் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜாதகக் கட்டோடு அலைந்த நம் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்காது. படம் எடுப்பதை மட்டும் அவர்கள் விரும்புவதில்லை.

தேநீர்ச் சுவையை அறிய ஆசை இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டாம். யூயுவான் தோட்டத்துக்கு வெளியே, குளத்தின் நடுவில், வளைந்து வளைந்து செல்லும் பாலத்தின் மேல் நடந்து சேர வேண்டிய ஹூசின்திங் என்ற தேநீர் மண்டபம் 1855 முதல் தேநீர்க் கடையாக இயங்கி வருகிறது. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் 1986 இல் ஷாங்காய் வந்தபோது அங்கே தேநீர் அருந்தினார். விலை மலிவில்லை, ஆனால் விலைப்பட்டியல் உங்கள் முன் திறந்தே இருக்கும். எந்தக் கடையானாலும், விலை ஒரு கோப்பைக்கா, கெண்டிக்கா, ஆளுக்கா என்பதைக் குடிப்பதற்கு முன்பே விரலால் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டுங்கள். நேர்மையான கடைக்காரர் யாரும் இதற்காக முகம் சுளிப்பதில்லை.

மகளின் ஓவிய ஆர்வம் எனக்கு இன்னொன்றை நினைவூட்டுகிறது. தேநீருக்குப் பதிலாகக் கண்காட்சிக்கு அழைப்பது இதே வலையின் மற்றொரு வடிவம். நாங்கள் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள், எங்கள் ஆசிரியரின் ஓவியக் கண்காட்சி இன்றோடு முடிகிறது, பார்க்கக் கட்டணம் இல்லை என்பார்கள். உள்ளே போனதும் பெயரைச் சீன எழுத்தில் தூரிகையால் எழுதிப் பரிசாகக் கொடுப்பார்கள். பரிசை வாங்கிய பிறகு சுவரில் தொங்கும் சுருளோவியத்தை வாங்க மறுப்பது கடினம். அந்தச் சுருள்களில் பெரும்பாலானவை மொத்தமாகப் படியெடுத்தவை. சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. இந்தப் பேச்சு பெய்ஜிங்கின் வாங்ஃபூஜிங் பகுதியில் இன்னும் அதிகம்; ஷாங்காயிலும் உண்டு. அவளை மொகான்ஷான் சாலையில் உள்ள எம்50 வளாகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சூச்சோ ஓடைக் கரையில் இருந்த பழைய நூற்பாலைதான் இன்று ஓவியக்கூடங்களாகவும் கலைஞர்களின் பணியிடங்களாகவும் மாறியிருக்கிறது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. பஞ்சாலைகள் மூடிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு, ஓர் ஆலையின் சுவர்கள் இப்படி வேறொரு வாழ்வு பெற்றிருப்பதைக் காண்பது நெகிழ்ச்சியாகவே இருக்கும். உங்கள் கணவருக்கும் ஒரு மாலை ஒழிந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இனி டாக்சி. பூதோங் விமான நிலையத்தில் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்ததும் “டாக்சி, டாக்சி” என்று அருகில் வந்து பெட்டியைத் தொடுபவர் எவரும் முறையான ஓட்டுநர் அல்லர். உரிமம் இல்லாத வண்டியை அங்கே ‘கறுப்பு வண்டி’ என்றே அழைக்கிறார்கள். முறையான டாக்சி வரிசையில்தான் கிடைக்கும். பகலில் இறங்கினால் டாக்சியே தேவையில்லை. மெட்ரோவின் இரண்டாம் தடம் விமான நிலையத்திலிருந்து மக்கள் சதுக்கம் வழியாக ஹோங்சியாவ் வரை ஒரே வண்டியாகச் செல்கிறது, கட்டணமும் மிகக் குறைவு. காந்த விசையில் மிதந்து ஓடும் மேக்லெவ் ரயிலில் ஏற மகள் ஆசைப்படலாம். 50 யுவான் கட்டணம், 30 கிலோமீட்டர், எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது நகரின் நடுப்பகுதி வரை போகாமல் லோங்யாங் சாலை நிலையத்தில் நின்றுவிடும். அங்கேயும் கறுப்பு வண்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். வெளியே போகாமல் அதே நிலையத்தில் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

டாக்சியில் ஏறியதும் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது மீட்டரிலிருந்து அச்சாகி வரும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் வண்டியின் எண்ணும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கும். வண்டியில் மறந்துவிட்ட பை திரும்பக் கிடைப்பதும் அந்தச் சீட்டை வைத்துத்தான். கள்ளநோட்டு மாற்றும் வித்தை என்பது இதுதான்: நீங்கள் கொடுத்த 100 யுவான் நோட்டை ஓட்டுநர் கீழே குனிந்து புரட்டிவிட்டு, இது செல்லாது, வேறு கொடுங்கள் என்று திருப்பித் தருவார். அவர் திருப்பித் தருவது உங்கள் நோட்டு அன்று. கொடுப்பதற்கு முன் நோட்டின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவே பெரிய காவல். 2015 முதல் வெளிவரும் 100 யுவான் நோட்டின் நடுவில் உள்ள பொன்னிற எண்ணைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையாக மாறும். மாவோ படத்தின் சட்டைக் கழுத்துப்பட்டையை நகத்தால் வருடினால் சொரசொரப்புத் தெரியும். ஆனால் இன்று பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பணம் செலுத்துவதால் இந்த வித்தைக்கு வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. அங்கே பணம் செலுத்தப் பயன்படும் அலிபே செயலிக்குள்ளேயே தீதி வாடகைக் காரையும் அழைத்துக்கொள்ளலாம். கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும், வண்டி எண்ணும் பதிவாகிவிடும். பெண்கள் இருவர் செல்வதற்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

அதற்கான ஏற்பாட்டை ஊரிலேயே முடித்துவிடுங்கள். நம் யுபிஐ அங்கே உதவாது. 2023 முதல் அலிபே, செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட் ஆகிய இரண்டு செயலிகளிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளை இணைக்க முடிகிறது. 200 யுவான் வரையிலான செலவுக்கு அட்டைக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி நம் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும் என்பதால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். அதே இடத்தில் ஒரு நாள் வரம்பையும் குறைத்து வையுங்கள். ஒரு வங்கியின் அட்டை மறுக்கப்பட்டால் உதவ, வேறு வங்கியின் அட்டையையும் மகளின் கைப்பேசியில் இணையுங்கள். கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

பணம் செலுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. கடையின் கியூஆர் குறியீட்டை நீங்கள் ஸ்கேன் செய்தால் தொகையை நீங்கள் உள்ளிடுவீர்கள். உங்கள் குறியீட்டைக் கடைக்காரர் ஸ்கேன் செய்தால் தொகையை அவர் உள்ளிடுவார். இரண்டாவது முறையைக் கல்லாப் பெட்டியும் ரசீது இயந்திரமும் உள்ள கடைகளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பக் கூடாது, தெருவில் கையில் திறந்து வைத்துக்கொண்டு நடக்கவும் கூடாது. சுவரிலும் கம்பத்திலும் ஒட்டிய குறியீடுகளை ஸ்கேன் செய்ய வேண்டாம்.

கடைவீதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கைக்கடிகாரம், கைப்பை என்று மெல்லிய குரலில் கூப்பிட்டுச் சந்துக்குள் அழைத்துச் செல்பவர்களிடம் “பூ யாவ்”, அதாவது வேண்டாம் என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள். நின்று பதில் சொல்லத் தொடங்கினால்தான் தொல்லை. விடுதி வாசலில் துண்டுச்சீட்டு கொடுத்து, மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு நாள் சுற்றுலா என்று அழைப்பவர்களையும் தவிர்க்கவும். அந்தப் பேருந்து பட்டுக் கடையிலும் ஜேட் எனப்படும் பச்சைக்கல் கடையிலும்தான் அதிக நேரம் நிற்கும். அங்கே நீங்கள் வாங்குவதில் கிடைக்கும் தரகுதான் அவர்கள் வருமானம். நியாயமற்ற குறைந்த கட்டணத்தில் ஆள் சேர்த்து இப்படித் தரகு பார்ப்பதை, 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டமே தடை செய்கிறது. கால்வாய்கள் ஓடும் பழைய நீர்வழி ஊர் பார்க்க ஆசையானால் ஜூஜியாஜியாவுக்கு மெட்ரோவின் பதினேழாம் தடத்தில் நீங்களே போய்வரலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஓர் அறையில் உட்கார்ந்துவிட்டோம் என்று தெரிந்தால், குரலை உயர்த்தாமல் முதலில் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி பேரம் பேசுவது கடினம். கடவுச்சீட்டை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். பில்லைப் படம் எடுத்துக்கொண்டு ஃபாபியாவ் கேளுங்கள்; அவர்கள் கண்முன்னேயே 110 என்று அழுத்துங்கள். பெரும்பாலும் அந்த நொடியில் தொகை இறங்கும். மிரட்டலாகத் தோன்றினால் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். கைப்பேசியில் செலுத்தினால் கடையின் பதிவுப் பெயர் உங்களிடம் இருக்கும். வெளியே வந்ததும் கட்டடத்தையும் கதவு எண்ணையும் படம் பிடித்து, அன்றே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். காவலர் கடைக்காரரை அழைத்துப் பேசிப் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்ததை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். நாள் தள்ளிப் போனால் அந்த வாய்ப்பும் போய்விடும். நகர நிர்வாகத்தின் புகார் எண் 12345. குடிவரவுத் துறையின் 12367 என்ற எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். கடவுச்சீட்டு தொலைந்தால் ஷாங்காயிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது. விடுதியின் முகவரியைச் சீன எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றை வரவேற்பறையில் வாங்கி ஆளுக்கொன்றாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் ஊர் சிம்மில் ரோமிங் வைத்திருந்தால் பொதுவாக அது வேலை செய்யும்; விடுதியின் வைஃபையில் செய்யாது. ஆகவே கணவரோடு தொடர்புகொள்ள மூவரும் வீசாட்டையும் புறப்படும் முன்பே நிறுவிப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நான் என் குழுவில் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் செய்யச் சொல்லும் ஒரு ஏற்பாடு. அங்கே உங்களைச் சுற்றி நிற்பவர்களுக்குத் தமிழ் புரியாது. “நேரமாயிற்று, அப்பா காத்திருக்கிறார்” என்ற சொற்றொடரை உங்கள் இருவருக்குள் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு முதலில் சந்தேகம் வந்தாலும் அவர் அதைச் சொல்லலாம். சொன்னவுடன் மற்றவர் ஏன் என்று கேட்காமல், கையில் கோப்பை இருந்தால் அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். காரணத்தைத் தெருவுக்கு வந்து பேசிக்கொள்ளலாம். புறப்படும் முன் வீட்டிலேயே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.